பின்னறையில் இப்போது இடமில்லை

அன்பும் மரியாதையும் மிகுந்த அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி மனைவியும் நலம். நலம் என்றால், காலையில் எழுந்திருக்கிறோம், பக்கவாட்டில் நடமாடுகிறோம், மூச்சு முட்டினால் ஜன்னலைத் திறந்துகொள்கிறோம் என்கிற அளவில் நலம். உன் முழங்கால், உன் கண் புரை, பக்கத்து வீட்டு நாய் ஆகிய மூன்றும் எப்படி இருக்கின்றன என்று விவரமாக எழுதவும். அத்தான் இருந்திருந்தால் என்று தொடங்கி நாலு வரி எழுத நினைத்தேன். எழுதினால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், தாள் நனைந்து வீணாகும். எங்கள் நூலகத்தில் வெள்ளைத்தாள் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இதைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் விலங்கியல் வினாத்தாள் ஒன்று இருக்கும். அதற்கு நீ விடை எழுதி அனுப்ப வேண்டியதில்லை.

உன் கடிதம் கிடைத்தது. வீட்டுக்காரர் வீட்டை இடித்துக் கட்டப் போகிறார் என்றும், மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் என்றும், ‘நீ சொன்ன பின்னறை இன்னும் இருக்கிறதா, ஒரு கட்டில் போடுமளவு இடம் இருந்தால் போதும், சமையலுக்கு ஒத்தாசையாக இருப்பேன்’ என்றும் எழுதியிருந்தாய். அத்தான் காலமான வாரத்தில், வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கையில், “இனிமே எங்க வீட்டுப் பின்னறை அக்காவோடது” என்று மார்தட்டிச் சொன்னவன் நான். அதற்கும் முன்னால், நூலகப் படிப்புக்காக உன் வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டபோது, இருந்த ஒரே அறையை எனக்குக் கொடுத்துவிட்டு நீயும் அத்தானும் சமையலறையில் படுத்தீர்கள். இதையெல்லாம் மறக்கிற ஜாதி நானில்லை. அறை அப்படியே இருக்கிறது, அக்கா. இடம்தான் இல்லை. ஏன் இல்லை என்பதை ஆதியிலிருந்து சொன்னால்தான் உனக்கு என்மேல் கோபம் வராது. ஆகவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படி.

எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பணமுடை வந்து வெகுகாலம் ஆகிறது. முதலில் தோட்டம் காய்ந்தது, பிறகு விடுதிச் சாப்பாடு இளைத்தது, கடைசியில் எல்லார் கண்ணும் நூலகத்தின் மேல் விழுந்தது. நூலகம் வாயில்லாப் பிராணி, அறுத்தாலும் கத்தாது அல்லவா? சிக்கனக் குழு என்று ஒன்றை அமைத்து, நிதி அலுவலரைத் தலைவராகப் போட்டார்கள். அவருக்கு எங்கள் ஊழியர்கள் வைத்த பெயர் கத்தரி. ஆள் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தன் அறை மின்விசிறியைத்தான் முதலில் கழற்றிக் கொடுத்தார். வேர்த்துக் கொட்டியபடி உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் போய் எங்களுக்குக் காற்று வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? அவர் கைவைத்த முதல் இடம் விளக்கு. படிப்பறையில் ஆளில்லாத மேஜைக்கு மேலும் விளக்கு எரிகிறதே என்றார். நியாயம்தான். உடனே எல்லா பல்புகளையும் கழற்றிக் கவுன்ட்டரில் அடுக்கச் சொல்லிவிட்டார். படிக்க வருகிறவர் அடையாள அட்டையைக் கொடுத்து ஒரு பல்பு வாங்கிக்கொள்ள வேண்டும், மேஜையில் மாட்டிப் படித்துவிட்டுப் போகும்போது திருப்பித் தர வேண்டும். நூலகத்துக்குள் எது வந்தாலும் பதிவெண் போடுவது எங்கள் பழக்கம், பல்புக்கும் போட்டோம். அதை எந்தத் துறையில் சேர்ப்பது என்று பெரிய விவாதம் நடந்து, இயற்பியலில் ஒளி என்ற தலைப்பின் கீழ் சேர்த்தோம். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் மறதியாகப் பல்பைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். நினைவூட்டல் அனுப்பினோம். இன்னும் பயன்படுத்தி முடியவில்லை, தவணையை நீட்டிக்கவும் என்று பதில் வந்தது. விதியில் இடம் இருந்ததால் நீட்டித்தோம்.

அடுத்தது நாற்காலி. பாதியை விற்றாயிற்று. நின்றுகொண்டு படித்தால் தூக்கம் வராது, பாடம் மனதில் நிற்கும் என்று குழு தீர்மானம் போட்டது. தீர்மானத்தை எல்லாரும் உட்கார்ந்துதான் போட்டார்கள். பிறகு ஆய்விதழ்கள். ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் வாங்கினால் செலவு பாதி என்று எந்த மகானுபாவர் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை. மருத்துவ மாணவர் ஒருவர் இதழைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

“சார், நோயோட அறிகுறி எல்லாம் இதுல இருக்கு. சிகிச்சை எங்க சார்?”

“அது அடுத்த இதழ்ல தம்பி. அந்த மாசம் நாம வாங்கல.”

“அப்ப வார்டுல படுத்திருக்கிற ஆளுக்கு என்ன சார் சொல்றது?”

அந்த வழியாகப் போன கத்தரி நின்று, “நாம வாங்குற மாசமாப் பாத்து நோய் வரச் சொல்லுங்க” என்றார். அவர் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

லிஃப்டை நிறுத்தினார்கள். மேல்மாடி நூல்களை வாளியில் வைத்துக் கயிறு கட்டி ஜன்னல் வழியாக இறக்கினோம். அப்படி இறக்குகையில் தடித்த சட்டத் தொகுதி ஒன்று நழுவி, கீழே நின்ற காவலாளியின் தோளில் விழுந்தது. அவர் வெகுநாள் கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் நின்றார். இழப்பீடு கேட்க வழி உண்டா என்று பார்க்க அதே தொகுதியை ஒற்றைக் கையால் புரட்டினார். அதைச் சொல்லும் பக்கங்கள் விழுந்த வேகத்தில் கிழிந்து போயிருந்தன. தேதி முத்திரையில் வருஷம் தேய்ந்து அழிந்துவிட்டது, புது முத்திரை வாங்க அனுமதி இல்லை. ஜூன் பத்துக்குள் திருப்பித் தரவும் என்று மட்டும் விழுகிறது. எந்த ஜூன் என்று கொடுக்கிற எங்களுக்கும் தெரியாது, வாங்குகிறவர்களுக்கும் தெரியாது. இதெல்லாம் சிரிக்கிற விஷயம், நீயும் சிரித்திருப்பாய், நாங்களும் சிரித்தோம். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிற வரைக்கும் கழுதை சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு ஆட்களைக் குறைத்தார்கள். தூசி தட்டும் இரண்டு பெண்களை அனுப்பினார்கள். அடுத்தது புத்தகம் கட்டுகிறவர். பிய்ந்து வருகிற நூலையெல்லாம் தைத்து, பசை போட்டு, அட்டை ஒட்டி, ஆளைவிட உறுதியாக்கி அனுப்புவார். அவரை அனுப்பிவிட்டு, கிழிந்த நூலை ரப்பர் பேண்டு போட்டு வைக்கச் சொன்னார்கள். பிறகு ரப்பர் பேண்டும் நின்றது. அவருக்கு உடனே காகித ஆலையில் வேலை கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன். ஒருநாள் டீக்கடையில் பார்த்து என்ன வேலை என்று கேட்டேன். “கூழுக்குப் போடறதுக்கு முன்னாடி அட்டையைக் கிழிக்கணும் சார். நான் ஒட்டினதுதானே, எங்க இழுத்தா வரும்னு எனக்குத் தெரியுது” என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன், அவர்தான் என்னைத் தேற்றி அனுப்பினார்.

அவர் நூலகத்து நூலை ஆலையில் எப்படிக் கிழித்தார் என்று கேட்பாய். அங்கேதான் உன் பின்னறைக்கு ஆபத்து வந்தது. பத்து வருஷமாக யாரும் இரவல் எடுக்காத நூல்கள் அலமாரியில் இருக்கத் தேவையில்லை, அவற்றுக்குத் தூசி தட்ட ஒரு ஆள், காவல் காக்க ஒரு ஆள் எதற்கு, காகித ஆலைக்கு எடைக்குப் போட்டுவிடலாம் என்று குழு முடிவு செய்தது. எவையெவை என்று அலமாரி அலமாரியாகப் பார்த்துச் சொல்ல வேண்டியது துணை நூலகரான என் பொறுப்பு. பார்த்தேன். எப்போதோ வந்த கொள்ளைநோயைப் பற்றி ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதிய அறிக்கை, ஒரு கை விரலுக்குள் அடங்குகிற ஆட்கள் மட்டும் பேசுகிற மொழிக்கு அகராதி, யாரோ ஒரு மனிதர் கண் போகிற வரைக்கும் உட்கார்ந்து வரைந்த வண்டுகளின் படங்கள், இப்படியே வரிசை வரிசையாகப் போகிறது. ஒரு நூலைப் பத்து வருஷம் யாரும் கேட்கவில்லை என்றால் அது செத்துவிட்டது என்று ஆகாது, அக்கா. கேட்க வேண்டிய ஆள் இன்னும் பிறக்காமலும் இருக்கலாம் இல்லையா? இதைக் கத்தரியிடம் சொன்னேன். “பிறக்கட்டும் சார், பாக்கலாம்” என்றார்.

முதல் லாரி போன அன்று ஊழியர்கள் எல்லாரும் பல்பு கவுன்ட்டருக்குப் பின்னால் கூடினோம். கவுன்ட்டரில் உட்காரும் அம்மா யாருக்கும் தோன்றாததைச் சொன்னார். “யாரும் எடுக்கலேன்னுதானே தள்ளுறாங்க? நாமளே எடுத்துட்டா?” அடடா என்று ஆகிவிட்டது. ஊழியர் எத்தனை நூல் எடுக்கலாம் என்பதற்கு எங்கள் விதியில் உச்சவரம்பு கிடையாது. நூலக ஊழியர் படிப்பார் என்று விதி எழுதியவர்கள் நினைக்கவில்லை, அதில் தவறும் இல்லை. அன்று சாயங்காலமே ஆளுக்கு ஒரு பை எடுத்துப் போனோம். மறுநாள் இரண்டு பை. காவலாளி நல்ல கையில் ஒன்று, வலித்த கையில் ஒன்று. ஆழம் தெரியாமல் காலை விடுகிறோம் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. இத்தனை வருஷம் நூலகத்தில் உட்கார்ந்து வாசகர்களை அதட்டிக்கொண்டிருந்த நாங்கள், முதல் தடவையாக ஏதோ வீரதீரம் செய்கிறோம் என்று உற்சாகமாக இருந்தோம்.

என் வீட்டில் முதலில் கூடத்து மூலை நிறைந்தது. பிறகு நடை, கட்டிலடி, பரண் எல்லாம் நிறைந்தன. கடைசியாக, உனக்கென்று வெள்ளையடித்து வைத்திருந்த பின்னறை. சுவரோரம் மட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற சந்து இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது என்று நினைவு இருக்கிறது. நூலைக் கண்டபடி குவிக்க எனக்கு மனம் வராது என்பது உனக்குத் தெரியும். துறைவாரியாகப் பிரித்து, வீட்டுச் சாமான்களையும் அதற்குத் தோதாக நகர்த்தி வைத்தேன். அதிலும் உன் தம்பி மனைவிக்கு வருத்தம்.

“அரிசி டப்பா எங்கங்க?”

“வேளாண்மைல பாரு.”

“உப்பு?”

“வேதியியல்.”

“நான் எங்க இருக்கேன்னாவது உங்களுக்குத் தெரியுதா?”

தெரியும் என்றேன். எந்தத் துறை என்று நல்லவேளையாக அவள் கேட்கவில்லை. அவளுடைய தையல் மிஷின் உளவியலுக்கும் உடற்கூறியலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதில், காலை நீட்ட வழியில்லாமல் ஒற்றைக் காலால் மிதிக்கிறாள். தைத்துக் கொடுத்த சட்டைகளில் ஒரு கை நீளமாக இருக்கிறது என்று புகார் வருகிறது. அதற்கும் கால் மிதிப்பதற்கும் சம்பந்தமில்லை, கோபத்துக்கும் தையலுக்கும் சம்பந்தம் உண்டு.

இனிமேல்தான் வினை. வருஷ முடிவில் இரவல் விவரத்தைக் குழுவின் முன் வைத்தோம். சரசரவென்று ஏறியிருந்தது. இந்த நூலகம் கட்டிய நாள் முதல் இப்படி யாரும் படித்ததில்லை. கத்தரி என்னை அழைத்தார். பாராட்டப் போகிறார் என்று தலையைச் சீவிக்கொண்டு போனேன்.

“என்ன சார், ஜனங்க இவ்வளவு படிக்கிறாங்களா?”

“படிக்கிறாங்க சார்.”

“அப்ப புத்தகமெல்லாம் வாசகர் கைலதான் இருக்கு.”

“ஆமா சார்” என்றேன், பெருமையாக.

“அப்ப இந்தக் கட்டடத்துல என்ன சார் இருக்கு?”

அவரே எழுந்து மாடி மாடியாக ஏறிப் பார்த்தார். அலமாரிகள் பல்லிளித்துக்கொண்டு நின்றன. அடுத்த கூட்டத்தில் இரண்டு மாடிகளை வாடகைக்கு விடுவதாக முடிவாயிற்று. காகித ஆலைதான் வாடகைக்கு எடுத்தது, கிடங்கு வேண்டுமாம். இப்போது வெளியூர் நூலகங்களில் இருந்து கூழுக்கு வருகிற நூல்களை எங்கள் அலமாரிகளிலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள். பழக்கதோஷத்தில் நான் ஒருநாள் அவற்றை அகரவரிசைப்படுத்தப் போய், கிடங்குக்காரர் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டார். கிணறு வெட்டப் போய்ப் பூதத்தைக் கிளப்பினோம், அக்கா. நூலைக் காப்பாற்றப் போய் நூலகத்தையே காலி செய்து கொடுத்தது நாங்கள்தான். கவுன்ட்டர் அம்மா அதற்குப் பிறகு யோசனை எதுவும் சொல்வதில்லை. யாராவது அவரிடம் மணி கேட்டால்கூடக் கொஞ்ச நேரம் தயங்குகிறார்.

அத்தோடு விட்டார்களா? எடுத்தது யார் யார் என்று கத்தரி துருவிப் பார்த்துவிட்டார். ஊழியர் எடுத்தது வாசிப்பில் சேராது என்று விதியைத் திருத்தி, அந்த நூல்கள் எப்போது திரும்பி வந்தாலும் நேரே கூழுக்குப் போக வேண்டும் என்று ஆணை போட்டார். அதைத் தூக்கிச் சுமக்க ஆள் இல்லை என்பதால் அதற்கும் ஒரு சிக்கனம் கண்டுபிடித்தார். நூலைத் திருப்பிப் போடுவதற்கு நூலகத்துப் பின்சுவரில் ஒரு துவாரம் உண்டு, உள்ளே ஒரு பெட்டியில் போய் விழும். இப்போது அந்தப் பெட்டியை எடுத்துவிட்டார்கள். நூல் உள்ளே தங்காமல் பக்கச் சுவர் வழியாக வெளியே விழுகிற மாதிரி ஒரு தகரச் சறுக்கு வைத்து, அதன் அடியில் ஆலையின் லாரியை நிறுத்தியிருக்கிறார்கள். நாம் ஒரு பக்கம் போடுவோம், அது மறுபக்கம் லாரியில் போய் விழும். நிரம்பினால் லாரி கிளம்பும், வேறு லாரி வந்து நிற்கும். ஆகவே நான் இந்த நூல்களைத் திருப்பிக் கொடுத்தேன் என்றால் கொன்றேன் என்று பொருள். கொடுக்காமல் இருப்பதற்கு இப்போதைக்குத் தடையில்லை, எந்த ஜூன் என்று யாருக்கும் தெரியாதே.

இவ்வளவும் வீண் பிடிவாதம் என்று நீ நினைக்கலாம். அதற்கு ஒரு சங்கதி சொல்கிறேன். போன மாதம் ஒரு ஆராய்ச்சி மாணவி வீடு தேடி வந்தாள். கால்வாய்க் கரைகளில் நீர் கசிந்து ஊர்கள் இடிவதைப் பற்றி ஆராய்கிறாளாம். அவளுக்கு வேண்டிய நூல் கூழுக்குத் தள்ளியதில் ஒன்று, என் பின்னறையில் இருந்தது. மேலே இருந்த பொறியியல் அத்தனையையும் இறக்கி, இருமல் வந்து, எடுத்துக் கொடுத்தேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஜன்னல் வெளிச்சத்தில், தலை நிமிராமல் படித்தாள். உன் தம்பி மனைவி தண்ணீர் கொடுத்ததைக்கூடக் கவனிக்கவில்லை. பத்து வருஷமாக யாரும் கேட்காத நூலைக் கேட்க ஒருத்தி வந்தாள், அக்கா. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியவில்லை. தினமும் வருகிறாள். அவள் வாசலைத் தாண்டிப் போகிற வரைக்கும் நாங்கள் சமைப்பதில்லை, பசி கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

ஆகையால், அக்கா, நான் என்ன சொல்ல வருகிறேன் என்பது இதற்குள் உனக்கே புரிந்திருக்கும். கட்டில் போட முடியுமா என்று நாடாவைப் பிடித்து அளந்து பார்த்துவிட்டேன். ஐரோப்பிய வரலாற்றை நகர்த்தினால் கட்டிலின் தலைப்பக்கம் நுழைகிறது, கால்பக்கம் மண்ணியலில் இடிக்கிறது. கலைக்களஞ்சியங்களைச் சமமாக அடுக்கி மேலே பலகை போட்டுப் படுத்தும் பார்த்தேன். உன் முழங்காலை வைத்துக்கொண்டு அவ்வளவு உயரம் ஏற முடியாது, ஏறினாலும் திரும்பிப் படுத்தால் மேலே இருக்கிற தத்துவம் தலையில் விழும். ஆகவே வேறு ஏற்பாடு ஒன்று விசாரித்து வைத்திருக்கிறேன். உன் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறினால் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறதாம். சுத்தமான இடம், நேரத்துக்குச் சாப்பாடு, ஒரு அறைக்கு ஆறு பேர்தான். சின்னதாக ஒரு நூலகம்கூட உண்டாம். கொஞ்ச காலம் அங்கே இரு. இங்கே நிலைமை சரியானதும் நானே நேரில் வந்து அழைத்துக்கொண்டு வருகிறேன். நிலைமை எப்படிச் சரியாகும் என்று கேட்காதே. தம்பியைத் தப்பாக நினைக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். படிக்கட்டில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கு. உன் காலில் விழுந்து வணங்குகிறேன். இங்கே குனிய இடமில்லாததால் மனதால் விழுகிறேன், நீயும் மனதாலேயே வாழ்த்தவும்.

உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். அத்தனையையும் அடிக்க மை போதாது, அதனால் அப்படியே விட்டிருக்கிறேன். 

நேற்று இதை எழுதி முடித்து, கீழே இரண்டு வரி விசாரித்து எழுது என்று உன் தம்பி மனைவியிடம் கொடுத்தேன். அவள் இரண்டு வரி எழுதாமல் முதலிலிருந்து படிக்க உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிற இடத்தில் சிரித்தாள். முதியோர் இல்லம் வந்ததும் தாளை மடியில் வைத்துவிட்டாள்.

“பத்து வருஷமா யாரும் கேக்காத புத்தகத்துக்கு வீட்டுல இடம் குடுத்துட்டீங்க. சரி. உங்க அக்காவை யாராவது கேட்டு எத்தனை வருஷமாச்சு?”

நான் தாளை வாங்கக் கை நீட்டினேன், அவள் தரவில்லை.

“அவங்களைக் கேட்டு வர ஆளு இனிமே பிறந்து வரணுமா? நீங்கதான் பிறந்து இருக்கீங்களே.”

எத்தனையோ நாள் அவளோடு வாதாடி ஜெயித்திருக்கிறேன். நேற்று தோற்றுப்போனேன். அத்தான் போன பிறகு உன்னை வந்து பார்த்தது எத்தனை தடவை என்று யோசித்தேன், யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

இன்று காலையில் கைவண்டி பிடித்தேன். பின்னறையில் தொடங்கி, கூடம், நடை, பரண் என்று வீட்டில் இருந்த நூல் முழுவதையும் ஏற்றினோம். மாணவி வந்தாள், விஷயத்தைச் சொன்னேன். விடுதியில் அவள் கட்டிலுக்கு அடியில் கொள்ளுகிற அளவுக்குப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனாள். மற்றதை நானே துவாரத்தில் போட்டேன், வேறு யாரையும் போட விடவில்லை. விழுகிற சத்தம் கேட்கக்கூடாது என்று காதைப் பொத்திக்கொள்ளப் பார்த்தேன், போடுவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. அகராதி கனமாக விழுந்தது. வண்டுப் படங்களின் முறை வந்தபோது, ஒன்றையாவது வைத்துக்கொள்ளலாமா என்று கை நின்றது. ஒன்றை வைத்தால் அதற்குத் துணை வேண்டும் என்று இன்னொன்றைக் கொண்டுவருவேன், என்னை எனக்குத் தெரியும். அதையும் போட்டேன். கவுன்ட்டர் அம்மா ஜன்னலில் நின்று பார்த்தார், பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். மத்தியானம் லாரி கிளம்பிப் போயிற்று.

பின்னறையைக் கழுவிவிட்டு, ஜன்னலோரம் கட்டில் போட்டாயிற்று. வெளிச்சம் நன்றாக வருகிறது, இத்தனை நாள் அது எங்களுக்கே தெரியவில்லை. தையல் மிஷினும் இரண்டு காலுக்கும் வசதியாக நிற்கிறது. நீ சனிக்கிழமை ரயிலுக்குக் கிளம்பி வா, நான் நிலையத்தில் நிற்கிறேன். சாமான்களை நீ தூக்காதே, நான் தூக்குகிறேன். பகலில் பொழுது போவதற்குப் படிக்க ஏதாவது நீயே எடுத்துக்கொண்டு வந்துவிடு அக்கா, இங்கே ஒன்றும் இருக்காது.